போகப்போகிற பிள்ளைகள்: எல்லை ஊரில் வாலிபரை வளர்த்தல்

அத்திபெலேயில் ஊழியம் செய்கிறவர் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இது: நம் சபைக்கு வருகிற வாலிபர்களில் பெரும்பாலோர் நம்மோடு தங்கப்போவதில்லை. ஆனேக்கல் தாலுகாவில், ஓசூர் சாலையில், கர்நாடகத்தின் கடைசி ஊர் இது. எல்லையைத் தாண்டினால் ஜூஜூவாடி, அப்புறம் ஓசூர். இந்தப் பக்கம் சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், இன்னும் தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடி வரைக்கும் உள்ள ஊர்களிலிருந்து ஐடிஐ, டிப்ளமா முடித்த பிள்ளைகள் வந்து, நான்கைந்து பேராக ஒரு அறை எடுத்துத் தங்குகிறார்கள். காண்ட்ராக்ட் முடிந்தால் வேறு கம்பெனி. சம்பளம் கூடினால் வேறு ஊர். கல்யாணம் ஆனால் சொந்த ஊர். 2025 ஆகஸ்டில் மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால், பெங்களூரு நகரத்துக்குள் வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவதும் சுலபமாகிவிட்டது.

போதகர்கள் கூடும் இடங்களில் இதை ஒரு குறையாகவே பேசக் கேட்கிறேன். “வளர்த்து ஆளாக்கினா கிளம்பிடுறாங்க ஐயா” என்பார்கள். கிளம்பட்டும். போகப்போகிற பிள்ளை என்று தெரிந்தேதான் அவனை வளர்க்க வேண்டும் என்பது என் கட்சி. கீபோர்டு வாசிக்கவும், ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போடவும், கன்வென்ஷன் நோட்டீஸ் ஒட்டவும் நமக்கு ஆள் தேவைதான். ஆனால் அந்த வேலைக்கு ஆள் பிடிப்பதை வழிகாட்டுதல் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நாம் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு சபைக்கும், நாம் போய்ச் சேரமுடியாத ஒரு வீட்டுக்கும் ஒரு விசுவாசியை ஆயத்தப்படுத்துகிறோம். அவன் நம் கையில் இருப்பது ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ. அந்த அவகாசத்துக்குள் செய்யக்கூடியது என்ன என்பதுதான் இந்த அத்தியாயம்.

கூட்டத்தால் ஆகிற காரியம், ஆகாத காரியம்

வாலிபர் கூட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்குப் பெரிய பாரம்பரியம் இருக்கிறது. லண்டனில் துணிக்கடை ஊழியராக இருந்த ஜார்ஜ் வில்லியம்ஸ், தன்னைப்போல் ஊர்விட்டு வந்து கடைகளிலேயே தங்கி வேலை பார்த்த இளைஞர்களைச் சேர்த்து 1844-ல் தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. அது 1890-ல் சென்னைக்கு வந்தது. கிறிஸ்தவ முயற்சி சங்கம் 1881-ல் அமெரிக்காவில் ஒரே சபையில் பிறந்து, யாழ்ப்பாணம் வரை பரவியது. கல்லூரிப் பிள்ளைகளுக்காக இந்தியாவில் யு.இ.எஸ்.ஐ. அமைப்பு 1954-ல் உருவானது. ஓய்வுநாள் பள்ளியையும் சொல்ல வேண்டும். 1780-ல் இங்கிலாந்தின் குளூஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, அங்கே வந்தவர்கள் வார நாளெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகள். அவர்களுக்கு ஓய்வு கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. அதனால் பள்ளியும் ஞாயிறு. எழுத்து கற்றுக்கொடுப்பதே அங்கே முதல் வேலை.

இந்தக் கடைசிச் செய்தியை அத்திபெலே போதகர் நன்றாகக் கவனிக்க வேண்டும். ரெய்க்ஸ் தொழிலாளிப் பிள்ளைகளின் நேரத்தைப் பார்த்துப் பள்ளியின் நேரத்தை வைத்தார். நாமோ ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாலிபர் கூடுகை என்று பலகையில் எழுதிவிட்டு, பையன்கள் வரவில்லை, அனல் குறைந்துவிட்டது என்கிறோம். இங்கே ஞாயிறும் ஷிஃப்ட் ஓடுகிறது. வாரவிடுமுறை ஒவ்வொருவனுக்கு ஒவ்வொரு நாள். காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் ஆறு என்று வாரத்துக்கு வாரம் மாறுகிறவனின் விசுவாசத்தைக் கூட்ட வருகைப் பதிவேட்டை வைத்து அளப்பது நியாயமில்லை.

கூட்டத்தில் பாட்டும் செய்தியும் கிடைக்கும், தனியாக இல்லை என்ற தைரியமும் கிடைக்கும். ஆனால் ஒருவன் தன் கடனைப் பற்றி அங்கே எழுந்து சொல்லமாட்டான். ஜெபிக்கவே முடியவில்லை என்றும் சொல்லமாட்டான். அதற்கு ஒரு மூத்தவர் தனியாக, தொடர்ந்து, பக்கத்தில் இருக்க வேண்டும்.

அசரியாவிடம் பார்க்க வேண்டியது

நம் தமிழ்ச் சபைகளில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவை முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் என்று சொல்லிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். அவருடைய வாலிப காலத்தைத்தான் இந்த நூலைப் படிக்கிறவர்கள் ஆராய வேண்டும் என்பேன். 1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார். தகப்பனார் சீக்கிரமே இறந்துபோனார். தாய் எல்லன் வளர்த்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்கவில்லை. 1895-ல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலராகச் சேர்ந்து, ஏறக்குறைய பதினான்கு வருஷம் ஊர் ஊராகப் போய் இளைஞர்களோடு பழகினார். அந்த நாட்களில்தான் ஷெர்வுட் எடி என்ற அமெரிக்க இளைஞரோடு சிநேகம் உண்டாயிற்று. இருவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். எடி தமிழ் கற்றுக்கொண்டார். இருவரும் சேர்ந்து பிரயாணம் செய்தார்கள், சேர்ந்து ஜெபித்தார்கள். வெள்ளைக்காரரும் இந்தியரும் ஒரே பந்தியில் உட்காருவதே அபூர்வமாக இருந்த காலம் அது.

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ் மாணவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு, கடலுக்கு இந்தப் பக்கம் தொண்டியில் ஊழியம் நடத்திக்கொண்டிருந்ததைக் கண்டார். அடுத்த வருஷமே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஒரு வாலிபனை மாற்றியது இன்னொரு ஊர் வாலிபர்கள் செய்துகொண்டிருந்த வேலை. பிரசங்கத்தைவிட அது ஆழமாக இறங்கியது. ஆகவே உங்கள் பையனை வேறு சபைகளுக்கு அழைத்துப்போங்கள். சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ்ச் சபை ஒன்றையும், ஓசூரில் ஒரு சிறிய வீட்டுச் சபையையும், கன்னட ஆராதனை ஒன்றையும் அவன் பார்க்கட்டும். நம் சபை மட்டுமே சபை என்று நினைக்கிறவன் இடம் மாறியதும் தடுமாறுவான்.

1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசியது பிரசித்தம். மிஷனெரிகள் தந்த பொருளையும் உழைப்பையும் தியாகத்தையும் மதித்துப் பேசிவிட்டு, எங்களுக்கு இன்னும் தேவை உங்கள் சிநேகம் என்று கேட்டார். கூடியிருந்த சிலருக்கு அது கசந்தது. நூற்றுப்பதினைந்து வருஷம் கழித்தும் நம் வாலிபர்கள் நம்மிடம் கேட்பது அதையேதான். வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான். நாம் அவர்களுக்கு உதவித்தொகை தருகிறோம், பைபிள் தருகிறோம், கேம்ப்புக்குப் பேருந்து ஏற்பாடு செய்கிறோம். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மட்டும் கூப்பிடுவதில்லை.

ஆரம்பிப்பது எப்படி

ஒரு வழிகாட்டிக்கு இரண்டு பேர் போதும், மூன்று பேருக்குமேல் வேண்டாம். போதகர் ஒருவரே எல்லாரையும் பார்த்துக்கொள்ள முடியாது. பார்த்துக்கொள்ள நினைப்பதும் தவறு. சபையில் பதினைந்து வருஷம் கம்பெனியில் வேலை செய்த அண்ணன் ஒருவர் இருப்பார். நர்ஸாக இருக்கிற அக்கா இருப்பார். மேடையில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வராத ஆளாக இருக்கலாம். பரவாயில்லை. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் யார்? கிலவுதியு ராயன் யூதரை ரோமைவிட்டுப் போகச்சொன்னபோது கொரிந்துக்குப் பிழைக்க வந்த கூடாரத் தொழிலாளிகள். பிறகு எபேசுவில், பேச்சில் வல்லவனான அப்பொல்லோவுக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிகிறது என்று கண்டபோது, சபை நடுவில் திருத்தாமல், தங்களிடம் சேர்த்துக்கொண்டு நிதானமாக விளக்கினார்கள். ஊர்விட்டு வந்த தொழிலாளித் தம்பதி ஒன்று, படித்த வாலிபன் ஒருவனைத் தட்டிக்கொடுத்துத் திருத்தியது. அத்திபெலேக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி வேதத்தில் எனக்குத் தெரியாது.

முதலில் பையனின் ஷிஃப்ட் அட்டவணையை வாங்கி உங்கள் போனில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவனைக் காலை எட்டு மணிக்கு எழுப்பி வேத வசனம் அனுப்பாதீர்கள்; அவன் தூங்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நேரில் ஒரு மணி நேரம், நடுவில் ஒரு போன். இடம் டீக்கடையாக இருக்கலாம், உங்கள் வீட்டுத் திண்ணையாக இருக்கலாம். சபை அலுவலகம் வேண்டாம். அங்கே அவன் முகம் மாறிவிடுகிறது.

முதல் சில சந்திப்புகளில் வேதபாடம் தொடங்காதீர்கள். “தம்பி, எந்த மிஷின்ல வேலை? சூப்பர்வைசர் எப்படி? வீட்டுக்கு எவ்வளவு அனுப்புற?” என்று கேளுங்கள். அம்மாவின் பெயரைக் கேளுங்கள். அவனுடைய சம்மதத்தோடு ஊரிலிருக்கும் அம்மாவிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். நமக்கு முன்பே அந்த வீட்டில் ஒருத்தி விதைத்திருக்கிறாள் என்பதை மறந்துவிட்டு, எல்லாம் நம்மால் ஆனதுபோல் பேசக் கூடாது.

வேலையைப் பற்றி விசாரிப்பது ஆவிக்குரிய காரியம் அல்ல என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2023 அக்டோபர் 7-ஆம் தேதி இதே அத்திபெலேயில் பட்டாசுக் கிடங்கு தீப்பிடித்தது. அன்றே பதினான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து தீபாவளிச் சமயத்து வேலைக்கு வந்த இளைஞர்கள். படித்துக்கொண்டே கைச்செலவுக்குச் சம்பாதிக்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள். பிள்ளை எங்கே வேலை பார்க்கிறான், அங்கே வெளியேற இன்னொரு வழி உண்டா, ஒப்பந்தக்காரர் பெயர் என்ன, பி.எஃப். பிடிக்கிறார்களா, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிறவனுக்கு இ.எஸ்.ஐ. அட்டை வந்ததா: இவற்றைக் கேட்கிற ஒரு பெரியவர் அவனுக்கு இந்த ஊரில் இருக்க வேண்டும். அவனுக்காக ஜெபிக்கிறவரே இதையும் கேட்கட்டும்.

பணம் பற்றிய பேச்சு வந்தபிறகுதான் மற்றவை வெளியே வரும். கடன் செயலியில் வாங்கிய ஐயாயிரம், ஆன்லைன் ரம்மியில் போன சம்பளம், எல்லைக் கடைகளில் தொடங்கிய குடி. இவற்றைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். தசமபாகத்தைப் பற்றி அந்த நேரத்தில் வாயே திறக்காதீர்கள்.

எந்த மொழியில்?

இதுவரை சொன்னது வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளின் கதை. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் சங்கடம் வேறு. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், தெருவில் தெலுங்கும் கலக்கும். சபையில் வாசிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவர்களுக்குக் காதில் விழுகிறது. கண்ணால் வாசிக்க வராது. தாய்மொழியை மறந்துவிட்டார்கள் என்று பெரியவர்கள் கண்டிக்கிறார்கள். கண்டித்துப் பயனில்லை. கன்னடத்தில் வாசிக்கத் தெரிந்தவன் கன்னட வேதத்தை வாசிக்கட்டும். தமிழில் ஜெபிக்கிறவன் தமிழில் ஜெபிக்கட்டும். வாசித்ததை உங்களிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு மொழிக்கும் நடுவே நின்று ஒரு பகுதியைச் சொந்த வார்த்தையில் சொல்லிப் பழகியவனுக்கு அது மனதில் தங்கிவிடும்.

வழிகாட்டியும் கன்னடம் கற்றுக்கொள்ள வேண்டும். முப்பது வருஷம் இங்கே குடியிருந்தும் கடைக்கன்னடத்தைத் தாண்டாத போதகர்கள் இருக்கிறோம். அசரியா 1909-ல் குருவானவராகி நிஜாம் சீமையின் தோர்ணக்கல்லுக்குப் போனபோது, தமிழர்களுக்கு ஊழியம் செய்யப் போகவில்லை. தெலுங்கைக் கற்று, அந்த மொழியிலேயே கிராமத்து ஏழைகளோடு பேசினார். 1912-ல் அங்கேயே பேராயரானார். தீமோத்தேயுவும் யூதத் தாய்க்கும் கிரேக்கத் தகப்பனுக்கும் பிறந்த எல்லை வீட்டுப் பிள்ளைதான். அந்தக் கலப்பு அவனுக்கு ஊழியத்தில் தடையாக இருக்கவில்லை.

காதலும் சாதியும்

வாலிபர் கூட்டத்தில் பரிசுத்தம் என்ற தலைப்பில் கைப்பேசியையும் காதலையும் கண்டித்துச் செய்தி கொடுப்பது எளிது. தனியாக உட்கார்ந்திருக்கும்போது வருகிற கேள்வி வேறு மாதிரி இருக்கும். “ஐயா, நாங்க ரெண்டு பேரும் ஒரே சபை. ஆனா ஊர்ல எங்க வீட்ல சம்மதிக்கமாட்டாங்க.” காரணம் என்ன என்று அவனும் சொல்லமாட்டான், நீங்களும் கேட்கத் தேவையில்லை, இருவருக்கும் தெரியும். நம் சபைகளில் ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்கிறவர்கள் பெண் கொடுக்கும்போது சாதி பார்க்கிறார்கள். இதில் வழிகாட்டி மௌனமாக இருந்தால், அதுவரை கற்றுக்கொடுத்த வேதபாடம் அத்தனையும் வீண். பெற்றோரை எதிர்த்து ஓடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சாதி பார்ப்பது பாவம் என்று அவனிடமும், தேவைப்பட்டால் அவன் பெற்றோரிடமும், சபை மூப்பரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்கிற முதுகெலும்பு வேண்டும். பிறகு பொறுமையாக அந்த இரண்டு வீடுகளுக்கும் நடக்க வேண்டும்.

அதிகாரம் என்னும் கண்ணி

“ஆவிக்குரிய தகப்பன்” என்ற பட்டம் இப்போது தாராளமாக வழங்குகிறது. எனக்கு அதில் பயம் உண்டு. எந்த வேலைக்குப் போக வேண்டும், யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும், எந்த நாள் ஊருக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் கர்த்தர் தன்னிடம் சொன்னதாகச் சொல்லும் பெரியவர்கள் பெருகிவிட்டார்கள். இப்படி வளர்ந்த பையன் ஊர் மாறினால் ஒன்று அடுத்த தகப்பனைத் தேடுவான், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிடுவான்.

ஏலி செய்ததைப் பாருங்கள். இரவில் சிறுவன் சாமுவேல் எழுந்து எழுந்து அவரிடம் ஓடிவருகிறான். அழைப்பது யார் என்று உணர்ந்ததும், அந்தக் குரலுக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொள் என்று அனுப்பிவிடுகிறார். கூடவே போய் நிற்கவில்லை. காலையில் அந்தப் பையன் கொண்டுவந்த செய்தியோ ஏலியின் வீட்டுக்கே விரோதமானது. அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லி, கேட்டு, ஏற்றுக்கொள்கிறார். தன் பிள்ளைகளை வளர்ப்பதில் தவறிய மனிதர் அவர். இந்த ஒரு காரியத்தில் நமக்கெல்லாம் ஆசான். உங்கள் பையன் ஒருநாள் உங்களைத் திருத்திப் பேசும்போது, “நேத்து வந்தவன் எனக்குச் சொல்றியா?” என்று கேட்டுவிடாதீர்கள். அப்படிப் பேச அவனுக்குத் தைரியம் வந்ததே நீங்கள் செய்த வேலையின் பலன்தான்.

வரம்புகள்

இதில் விவாதத்துக்கு இடமில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே வழிகாட்டட்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பூட்டிய அறையில் தனியாகச் சந்திக்கக் கூடாது. நாலுபேர் கண்ணில் படுகிற இடத்தில்தான் சந்திப்பு. கிறிஸ்தவ வீட்டைச் சேராத சிறுவனோ சிறுமியோ நண்பர்களோடு வந்தால், பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் நடந்தது என்று ஒரு பிள்ளை சொன்னால், சபையின் பெயர் கெடும் என்று மூப்பர் கூட்டத்தில் பேசி முடிக்கிற வேலை வேண்டாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

தூக்கமில்லை, சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் ஜெபித்து அனுப்பிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 முதல் இலவசமாக இருக்கிறது. எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் இதே ஓசூர் சாலையில்தான் இருக்கிறது. பஸ் ஏற்றிவிடாமல் கூடவே போங்கள். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று சபையில் யாராவது சொன்னால் அந்த வாயை அடைப்பது போதகரின் வேலை.

அனுப்புவது

ஊர் மாறப்போகிறேன் என்று பையன் சொன்ன நாளிலிருந்து வழிகாட்டியின் கடைசி வேலை தொடங்குகிறது. பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள்; அவன் போகிறான் என்றதும் பேச்சில் ஒரு குளிர்ச்சி வந்துவிடுகிறது. மாறாக, அந்தக் கடைசி மாதங்களில் அவன் இன்னொருவனுக்கு வழிகாட்டத் தொடங்கட்டும். புதிதாக வந்து அதே அறையில் தங்கும் சின்னப் பையன் போதும். தனக்குத் தெரிந்ததை இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கு எவ்வளவு தெரியும் என்பது அவனுக்கே தெரியவரும். தான் கேட்டதை உண்மையுள்ள மனுஷரிடம் ஒப்புவிக்கும்படியும், அவர்கள் இன்னும் பிறருக்குப் போதிக்கும்படியும் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே, அந்தச் சங்கிலி இப்படித்தான் நீள்கிறது.

அவன் போகிற ஊரில் ஒரு சபையை விசாரித்து, அங்குள்ள போதகருக்கு நீங்களே போன் செய்யுங்கள். அது நம் சபைப் பிரிவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஞாயிறு ஆராதனையில் அவனை முன்னே அழைத்து, சபையார் கைவைத்து ஜெபித்து அனுப்பட்டும். கல்யாணத்துக்கும் ஊழியத்துக்கும் மட்டுமே இப்படிச் செய்வோம் என்ற வழக்கத்தை மாற்றுங்கள். சென்னையில் ஒரு லேத்துக்குப் போகிறவனும் அனுப்பப்பட்டவன்தான். போனபின் முதல் மூன்று மாதம் நீங்கள் கூப்பிடுங்கள். அதன்பிறகு அவன் கூப்பிட்டால் பேசுங்கள். கூப்பிடாவிட்டால் குறை சொல்லாதீர்கள்.

பர்னபா, சவுலை எருசலேமில் யாரும் நம்பாத காலத்தில் கைப்பிடித்து அழைத்துவந்தவர். அப்போஸ்தலருடைய நடபடிகளில் முதலில் பர்னபாவும் சவுலும் என்று வரும் பெயர்வரிசை, பதின்மூன்றாம் அதிகாரத்திலேயே மாறிப் பவுல் முன்னால் வந்துவிடுகிறார். பர்னபா அதற்காக முணுமுணுத்ததாக ஒரு வார்த்தை இல்லை. பிறகு பவுலே வேண்டாம் என்று தள்ளிய மாற்குவைச் சேர்த்துக்கொண்டு கப்பலேறிப் போனார். கடைசியில் அதே மாற்கு தனக்குப் பிரயோஜனமானவன் என்று பவுல் சிறையிலிருந்து எழுதி அழைத்தார்.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்த போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே: வாலிபர் ஊழியத்துக்குப் புதிய கமிட்டி போடாதீர்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு யாரிடமும் பேசாமல் கிளம்புகிற ஒருவனை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவன் இரவு ஷிஃப்ட் என்றால் சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்து, வாரவிடுமுறை எந்த நாள் என்று கேட்டு வையுங்கள்.